தார்ப்பாயைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?



மரக்காணம் உப்பளத்துல வாரிக் குவிச்ச உப்பை, நல்ல விலை வரும்வரை தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறோம். தார்ப்பாய் கிழிஞ்சா ஐப்பசி மழையில உப்பு கரைஞ்சு, நம்ம உழைப்பும் குழுக் கடனும் தண்ணியோட போயிடும்.

தார்ப்பாயை அதிகம் கெடுப்பது வெயில்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் பலம் இழந்து நொறுங்குகிறது.

சோதிக்கும் முறை: ஓரத்தை மடிச்சுக் கசக்குங்க. வெடிப்பு விட்டாலோ, தூள் கையில் ஒட்டினாலோ மாத்தணும். வெளிச்சத்தில் பிடிச்சா பொத்தல் தெரியும்.

பாதுகாக்கும் முறை: மேலே பனை ஓலை பரப்பிக் கட்டினால் வெயில் நேரே படாது. வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில் அலசி, உலர்த்தி, நிழலில் சுருட்டி வையுங்க.

மாற்றும்போது: நொறுங்கியதை ஒட்டுப்போடாதீங்க, அந்தத் தூள் உப்பிலேதான் விழும். எரிக்கவும் வேண்டாம், புகை கெடுதல். புதுசு வாங்கும்போது ‘யு.வி.’ தாங்குமா என்று கேளுங்க; ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 7903 என்ற எண்ணும் பாருங்க.

புரட்டாசிக் கூட்டத்தில் பேச: நம்ம குழுவில் எத்தனை தார்ப்பாய் மாத்தணும்? சேர்ந்து வாங்கலாமா?