பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்

ஞாயிறு பள்ளியில் லாசருவின் சம்பவத்தைச் சொல்லி முடித்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "பாஸ்டர், எங்கம்மாவுக்கும் ஜெபம் பண்ணினோமே, ஏன் எழும்பல?" என்று கேட்டான். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அடக்கிவிட்டு, மனப்பாட வசனத்துக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு யோவான் 11-ம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். மார்த்தாளும் மரியாளும் அதே ஆதங்கத்தைத்தான் சொன்னார்கள். இயேசு அவர்களை அடக்கவில்லை, அவரும் அழுதார். 12 வயதில் தேவாலயத்தில் போதகர்களிடம் கேள்வி கேட்டவர் அல்லவா அவர்! (லூக்கா 2:46)

அடுத்த வாரம் அவனிடம், "எனக்கும் தெரியலப்பா, நீ கேட்டது தப்பில்ல" என்றேன். இப்போது சம்பவத்தைச் சொன்னதும் இரண்டு நிமிஷம் அமைதி. பிறகு, "நீ அங்கே இருந்திருந்தா இயேசுகிட்ட என்ன கேட்டிருப்பே?" என்பேன்.

பெற்றோரே, வசனம் ஒப்புவிக்கிற பிள்ளை யோசிக்கவும் வேண்டாமா? வீட்டிலும் கேளுங்கள், பதிலுக்குப் பொறுமையாய்க் காத்திருங்கள்.