ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

பிரமாதமான கேமுக்கு விமர்சனம் எழுதுவது சுலபம். படுமோசமான கேமுக்கு எழுதுவது அதைவிடச் சுலபம், உள்ளூரக் கொஞ்சம் குஷியும் உண்டு. திணற வைப்பவை நடுவில் நிற்கும் கேம்கள்தான். கிராஃபிக்ஸ் நன்று, கதை சுமார், இசை பரவாயில்லை, மிஷன்கள் அலுப்பு, மொத்தம் பத்துக்கு ஆறரை என்று பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதைப் படித்த என் சித்தப்பா மகன் கேட்டான்: “அண்ணே, ஆறரைன்னா முழுக்க சுமாரா இருக்குமா? இல்ல, பாதி சூப்பரா பாதி மொக்கையா இருக்குமா?”

ஒரு நடுத்தர கேமின் விமர்சனம் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான். நான் பார்த்தவரை முழுக்கச் சுமாரான கேம்கள் குறைவு. ஒரு இடத்தில் அசத்திவிட்டு இன்னொரு இடத்தில் உயிரை வாங்குகிற கேம்களே அதிகம். எங்கே அசத்துகிறது, எங்கே உயிரை வாங்குகிறது, இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்ல முடிந்தால் மதிப்பெண்ணே தேவைப்படாது.

2016 அக்டோபரில் வந்த ‘மாஃபியா 3’ இதற்கு நல்ல உதாரணம். கதை நடப்பது 1968இல், நியூ ஆர்லியன்ஸை மாதிரியாக வைத்து உருவாக்கிய நியூ போர்டோ என்ற கற்பனை நகரத்தில். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய லிங்கன் கிளே என்ற கறுப்பின இளைஞன், தன்னை எடுத்து வளர்த்தவர்களைக் கொன்ற மாஃபியா தலைவன் சால் மார்க்கானோவைப் பழிவாங்கக் கிளம்புகிறான். முதல் சில மணி நேரம் அபாரம். பல வருடம் கழித்து ஒரு பாதிரியார் கேமரா முன்னால் உட்கார்ந்து பழையதை நினைவுகூர்வதாக, ஆவணப்படத்தின் தோரணையில் கதை விரிகிறது. பின்னணியில் அந்தக் காலத்துப் பாட்டுகள். கண்ட்ரோலரைக் கீழே வைக்கத் தோன்றாது.

அப்புறம் நகரம் நம் கைக்கு வருகிறது, கூடவே அலுப்பும். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு கள்ளத் தொழில்கள். தகவல் சொல்பவனைப் பார், சரக்கை உடை, அடியாட்களைக் கொல். சேதம் ஒரு தொகையைத் தொட்டதும் தொழிலை நடத்துபவன் தலைகாட்டுவான். அவனைப் போட்டுத்தள்ளு, இல்லையென்றால் உன் பக்கம் இழுத்துக்கொள். அடுத்த பகுதிக்குப் போனால் திரும்பவும் அதே. காலி செய்துவிட்டு வந்த கட்டடத்துக்குள்ளேயே கொஞ்ச நேரத்தில் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். ஒரு பகுதியை முடித்தால் கிடைக்கும் பெரிய மிஷன்கள், உதாரணமாகக் கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்கா, மூழ்கும் ஆற்றுக் கப்பல், மறக்க முடியாதவை. ஆனால் அவற்றை எட்ட ஒரே வேலையை இரண்டு தடவை செய்தாக வேண்டும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம்: கேமின் தொடக்கத்தையும் நடுப்பகுதியையும் தனித்தனியாகக் குறித்துவைப்பது. தொடக்கம் என்பது கம்பெனி தன் மொத்தத் திறமையையும் கொட்டுகிற இடம். ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். ‘மாஃபியா 3’ போன்ற கேமில் அந்த இரண்டு மணி நேரமும் தேன்நிலவு. சண்டை ஆரம்பிக்கும்போது பணம் கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே வாசகனுக்கு நம் எழுத்து பயன்படுவது அந்த இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதில்தான். எட்டாவது மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு பத்தி எழுதாமல் எந்த ஓப்பன் வேர்ல்ட் கேமின் விமர்சனத்தையும் அனுப்பக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இத்தோடு நிறுத்தினால் ‘கதை நன்று, மிஷன் அலுப்பு’ என்பதையே நீட்டி எழுதியதாக ஆகிவிடும். இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கதைக்கு வெளியே, கேமின் இயந்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் நல்லது. கறுப்பின ஏழைகள் வாழும் பகுதியில் குற்றம் நடந்தால் போலீஸ் ஆடி அசைந்து வரும். பணக்கார வெள்ளையர் பகுதியில் பறந்து வரும். போலீஸ் ரேடியோவில் ஆள் அனுப்புகிறவரின் குரலிலேயே அந்த வித்தியாசம் கேட்கும். சில கடைகளுக்குள் லிங்கன் சும்மா போய் நின்றாலே வெளியே போகச் சொல்வார்கள், போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள். இதை எந்தக் கட்சீனும் சொல்வதில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு திரியும்போது நாமே உடம்பில் வாங்கிக்கொள்கிறோம். இதைக் கவனிக்காமல் அந்த கேமுக்கு ஆறு போட்டாலும் ஒன்பது போட்டாலும் ஒன்றுதான்.

இரண்டாவது, அலுப்பின் காரணம். லிங்கனுக்கு மூன்று கூட்டாளிகள்: கசாண்ட்ரா, பர்க், முந்தைய கேமிலிருந்து வந்த வீட்டோ. கைப்பற்றுகிற ஒவ்வொரு பகுதியையும் இவர்களில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவரைத் தொடர்ந்து ஒதுக்கினால் அவர் எதிராகத் திரும்புவார். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பங்கு பிரிக்கும் காட்சிகளில் நிஜமான இறுக்கம் இருக்கிறது. அந்த இறுக்கம் வேண்டுமென்றால் பிரிக்க நிறையப் பகுதிகள் வேண்டும். நிறையப் பகுதிகள் வேண்டுமென்றால் ஒரே அச்சில் வார்த்த வேலைகள் வேண்டும். கேமின் நல்லதும் கெட்டதும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை என்று இப்படித் தெரியவந்தால், விமர்சனம் பாதி எழுதி முடித்த மாதிரி.

நடுத்தர கேம்களில் இந்த ஒற்றை வேரை நான் அடிக்கடி பார்க்கிறேன். 2010இல் ஒப்சிடியன் கொடுத்த ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ ஓர் உளவாளிக் கதை. எதிரியின் தலைக்கு நேராகக் குறிவைத்துச் சுட்டாலும் குண்டு எங்கோ போகும். துப்பாக்கி கேம் என்று நினைத்து வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். குண்டு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது நம் விரலைவிட, அந்தக் கதாபாத்திரத்துக்கு நாம் ஒதுக்கிய திறன் புள்ளிகள். அதே ரோல்பிளேயிங் மனநிலைதான் அதன் உரையாடல்களை உயிரோடு வைக்கிறது: நேரம் ஓடிக்கொண்டிருக்க, ஒருவனிடம் முறைத்துப் பேசுவதா சிரித்துப் பேசுவதா என்று சட்டென்று முடிவெடுக்க வேண்டும், அதன் விளைவு பல மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டும். குறையை மட்டும் வெட்டி எடுத்தால் நிறையும் சேர்ந்து வரும் என்று எழுதுவதே அந்த கேமுக்கு நியாயம்.

மதிப்பெண் பற்றி. மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஒரு சினிமா 61 வாங்கினாலே பச்சை நிறம். கேம் 75 வாங்கினால்தான் பச்சை. 74 என்றால் மஞ்சள். அதாவது சினிமாவில் ‘நல்லது’ என்று கருதப்படும் எண், கேமில் ‘கலவை’. நம் வாசகனும் இந்த வீங்கிப்போன அளவுகோலில் பழகியவன். ஆறு என்றால் குப்பை என்று எடுத்துக்கொள்கிறான். ஒரே ஒரு புள்ளிக்குக்கூடப் பெரிய விலை இருந்திருக்கிறது. ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்திருந்தால் ஒப்சிடியனுக்கு போனஸ் கிடைத்திருக்கும், எடுத்தது 84 என்று அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012இல் பொதுவெளியிலேயே சொன்னார். 2010இல் வெளியானபோது அந்த கேமில் பக் மேல் பக். இன்று அந்த வரிசையிலேயே சிறந்தது அதுதான் என்று சண்டைபோட ஆள் இருக்கிறது. மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்று பத்திரிகை கேட்டால் போடுகிறேன். கடைசியில், கட்டுரையை முழுக்க எழுதிய பிறகு. முதலிலேயே எண்ணை முடிவு செய்தால் ஒவ்வொரு வாக்கியமும் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும்.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ‘டெட்லி ப்ரிமோனிஷன்’ போதும். ஐஜிஎன் பத்துக்கு இரண்டு கொடுத்தது, டெஸ்ட்ரக்டாய்டு பத்துக்குப் பத்து. விமர்சகர்களை இப்படிப் பிளந்ததற்காகவே கின்னஸில் இடம்பிடித்த திகில் கேம். துப்பாக்கிச் சண்டை கொடுமை, கார் ஓட்டுவது அதைவிட. ஆனால் துப்பறிய வந்த யார்க்குக்குத் தாடி வளர்கிறது, கோட்டு அழுக்காகிறது, ஊர்க்காரர்கள் கடிகாரத்தின்படி எழுந்து வேலைக்குப் போய் வீடு திரும்புகிறார்கள். இதற்கு ஆறு என்று போட்டால் அந்த ஆறு யாருடைய அனுபவமும் இல்லை.

நடுத்தர கேமின் விமர்சனத்தில் என்னைப் பொறுத்தவரை அதிகம் உழைக்கவேண்டிய பத்தி, ‘இதை எப்படி ஆடினால் நன்றாக இருக்கும்’ என்பது. மாஸ்டர்பீஸுக்கு அந்தப் பத்தி வேண்டாம், எப்படி ஆடினாலும் நன்றாக இருக்கும். ‘மேட் மேக்ஸ்’ 2015 செப்டம்பர் 1 அன்று வந்தது. அதே நாளில் ‘மெட்டல் கியர் சாலிட் 5’உம் வந்ததால் பலர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேப்பைத் திறந்தால் முழுக்கச் சின்னங்கள்: முகாம்கள், கண்ணிவெடிகள், பயமுறுத்தும் கம்பங்கள். எல்லாவற்றையும் துடைத்து எடுக்கும் பழக்கம் உள்ளவனுக்கு இது தண்டனை. ஆனால் மேக்னம் ஓபஸ் என்ற அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து, பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் மெக்கானிக் சம்பக்கெட் ஹார்ப்பூன் எறிந்து எதிரி வண்டியின் கதவைப் பிய்த்தெடுப்பதைப் பார்த்தால் கதை வேறு. புழுதிப்புயல் வரும்போது எல்லோரும் ஒதுங்குவார்கள். அந்தப் புயலுக்குள்ளேயே ஓட்டினால் பறந்து வரும் பெட்டிகளிலிருந்து பழைய இரும்பு சேர்க்கலாம், உயிரோடு இருந்தால். காரை மேம்படுத்தத் தேவையான முகாம்களை மட்டும் அடியுங்கள், மிச்சத்தை விட்டுவிட்டு ஓட்டுங்கள் என்று எழுதினேன். அந்த வரிக்காகவே வாங்கி ஆடியதாகச் சொன்னவர்கள் உண்டு.

‘டேஸ் கான்’ இதற்கு நேர்மாறு: பொறுமை கேட்கிறது. கையில் இருப்பது ஒரு ஓட்டை பைக், பெட்ரோல் தீர்ந்துகொண்டே இருக்கும், வெளியில் சேவ் செய்யவும் பைக் பக்கத்தில் இருக்க வேண்டும். எரிச்சல்தான். ஆனால் இருட்டில் பெட்ரோல் இல்லாமல் நின்றுபோகும் பயம் அங்கிருந்துதான் வருகிறது. அதன் பெயர்பெற்ற அம்சமான நூற்றுக்கணக்கான ஃப்ரீக்கர்கள் (அந்த கேமின் ஜாம்பிகள்) கொண்ட கூட்டத்தோடு மோதுவது கதையின் பிற்பகுதியில்தான் மையத்துக்கு வருகிறது. அவ்வளவு தூரம் வர வாசகனுக்கு நேரமிருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்கும், லீவில் இருக்கும் காலேஜ் பையனுக்கும் ஒரே பரிந்துரையைக் கொடுக்க முடியாது.

கடைசியாக, நம் நாட்டு கேம். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’. கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப்போய் 2017இல் இலக்கை எட்டாமல், அதற்குப் பிறகும் விடாமல் முடித்தார்கள். அரக்கர்கள் கடத்திய தம்பியைத் தேடிப் போகும் சர்க்கஸ் பெண், கையில் துர்க்கை கொடுத்த திரிசூலம், ராஜஸ்தான் அரண்மனைகளின் சாயல், நிழற்பாவைக் கூத்தாக வரும் கதைப்பகுதிகள். இப்படி ஒன்றைப் பெரிய திரையில் பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அந்த நிமிர்ந்த நெஞ்சோடு எழுதினால் கருணை மதிப்பெண்தான் விழும். அது அவர்களுக்கும் உதவாது, காசு கொடுக்கிறவனுக்கும் உதவாது. நண்பர் ஒருவர் எனக்கு போன் போட்டு, “நம்மாளுங்க பண்ணினது, கொஞ்சம் பார்த்து எழுதுங்க சார்” என்றார். பார்த்துத்தான் எழுதினேன்.

கேமரா தூரத்தில் உயரமாக நிற்கிறது, அதைத் திருப்ப முடியாது. அதனால்தான் ஒவ்வொரு சட்டகமும் தீட்டிய ஓவியமாக இருக்கிறது. அதனால்தான் தாவவேண்டிய மேடை எவ்வளவு தொலைவில் என்று கண்ணுக்குப் பிடிபடாமல் ராஜி பள்ளத்தில் விழுகிறாள். சண்டையில் தூணைச் சுற்றிச் சுழல்வதும் சுவரில் ஏறிப் பாய்வதும் அழகு, ஆனால் அடி தொடங்கிவிட்டால் நடுவில் விலக முடியாமல் மாட்டிக்கொள்கிறாள். ஐந்தாறு மணி நேரத்தில் கதை திடுமென்று அறுந்து நிற்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, முழு விலைக்கு வேண்டாம், தள்ளுபடியில் வாருங்கள், சுவர்ச் சித்திரங்களின் முன்னால் நின்று கதை கேட்காமல் ஓடாதீர்கள் என்று முடித்தேன். நண்பர் சில நாள் பேசவில்லை.

2022இல் இந்திக் குரலோடு மேம்படுத்திய பதிப்பு வந்தது. பழைய கட்டுரையை நான் திருத்தவில்லை. எந்த மாதம், எந்த மெஷினில், எந்தப் பதிப்பை ஆடினேன் என்று அதன் தலையிலேயே இருக்கிறது. புதியதை ஆடிவிட்டு, அதற்குத் தனித் தேதி போட்டு, கீழே ஒரு பத்தி சேர்த்தேன்.