வீட்டில் விளைந்த கிதார்

இலண்டன் மாநகரின் மேற்குப் புறத்தில் ஃபெல்தம் என்னும் சிற்றூர்ப் பகுதி உள்ளது. அங்கு வாழ்ந்த நடுத்தரக் குடும்பம் ஒன்றில் 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு பணியைத் தொடங்கினர். மகன் பிரையன் மேவுக்கு அப்போது பதினாறு வயது. கடையில் விற்ற அமெரிக்க மின்கிதார் அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. ஆயினும் அதன் விலை அக்குடும்பத்திற்கு எட்டாததாக இருந்தது. தந்தை ஹரோல்டு மே, அரசின் வான்வழித்துறை அமைச்சகத்தில் வரைவாளராகப் பணிபுரிந்தவர். மின்னணுவியலும் தச்சும் கைவந்தவர். வாங்க இயலாததைச் செய்துவிடலாம் என்று இருவரும் துணிந்தனர். வீட்டின் ஓர் அறை பட்டறையாயிற்று. வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

கிதாரின் கழுத்துப்பகுதிக்கு நன்கு உலர்ந்த வைரம் பாய்ந்த மரம் வேண்டும். ஈரம் மிகுந்த மரம் நாளடைவில் வளைந்து சுருதியைக் கெடுத்துவிடும். குளிர்நாட்டு வீடுகளில் தீ மூட்டிக் குளிர்காயும் கணப்பு உண்டு. குடும்ப நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கணப்பைச் சுற்றியிருந்த நூறாண்டு பழைமையான மகோகனிச் சட்டத்தைக் கழித்துப்போட இருந்தார். அது இவர்களுக்குக் கிடைத்தது. அதில் பூச்சி அரித்த துளைகள் சில இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தனர். உடற்பகுதிக்குப் பழைய மேசையின் ஓக் மரமும் ஒட்டுப்பலகையும் பயன்பட்டன. அவற்றின்மேல் மெல்லிய மகோகனித் தகடு ஒட்டப்பட்டது. விரற்பலகையில் இடம் காட்டும் புள்ளிகள், அன்னையின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களிலிருந்து அரத்தால் இழைத்து எடுக்கப்பட்டவை. சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல், மிதிவண்டியில் பை தாங்கும் கம்பி. அதன் முனையில் பொருத்தியது ஒரு பின்னல் ஊசியின் துண்டு. உள்ளே இருந்த சுருள்விற்கள் பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரத்துக்கு உரியவை.

இச்செய்தியைக் கேட்போர் சிக்கனத்தை மட்டுமே வியப்பர். உண்மையில் வியக்கத்தக்கது அதன் அளவை ஆகும்.

வீணையில் நாம் மெட்டு என்று வழங்குவதே கிதாரிலும் உண்டு. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். பிரையன் செய்த கிதாரிலும் 24 மெட்டுகளே. வீணை செய்வோர் மெழுகின்மேல் மெட்டுகளைப் பதித்து, செவியால் சுருதி கேட்டு நகர்த்தி அமைப்பர். கிதாரிலோ பலகையில் ரம்பத்தால் கீறி, அக்கீற்றில் உலோகக் கம்பியை இறக்க வேண்டும். கீறிய பின் நகர்த்த முடியாது. எனவே முன்னரே கணக்கிட வேண்டும். மெட்டு அமையும் இடத்தைக் காண, எஞ்சியுள்ள தந்தியின் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 என்னும் எண்ணால் வகுப்பர். இக்கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் 24 அங்குலம், அதாவது ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். ஆகவே முதல் இடைவெளி 34 மில்லிமீட்டர். இருபத்துநான்காம் இடைவெளி 9 மில்லிமீட்டர் மட்டுமே. பன்னிரண்டாம் மெட்டு, தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்கி மேல் ஸ்தாயியைத் தரும். இதில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தாலும் தேர்ந்த செவி பொறுக்காது. பழைய மரம் கொண்டு செய்யலாம். பழுதான கணக்கைக் கொண்டு செய்ய இயலாது.

நெம்புகோலும் அத்தகையதே. அதை அழுத்தினால் தந்திகள் தளரும்; விட்டால் முன்னிருந்த சுருதிக்குத் துல்லியமாகத் திரும்ப வேண்டும். ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை, ஓர் ஆளின் எடையில் பாதியைத் தொங்கவிட்டாற் போன்றது. அவ்விசைக்கு இடையே சிறிது உராய்வு இருந்தாலும் தந்தி தன் நிலைக்கு மீளாது. ஆகவே, தராசின் கோல் கத்திமுனையில் நிற்பதுபோல, அவ்வமைப்பு முழுவதையும் கடினப்படுத்திய எஃகு விளிம்பின்மேல் நிறுத்தினர். தந்திகள் செல்லும் பாலத்தில் சிறு உருளைகளைக் கையாலேயே செய்து வைத்தனர்.

தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் கருவிக்குப் பிக்கப் என்று பெயர். அதையும் பிரையன் காந்தங்களின்மேல் கம்பி சுற்றித் தாமே செய்து பார்த்தார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தபோது ஒலி சீராக அமையவில்லை. பின்னர்ப் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றை விலைக்கு வாங்கி, தேவையற்ற அதிர்வு எழாதிருக்க அவற்றினுள் அரால்டைட் பசையை ஊற்றிப் பொருத்தினார். எதைத் தாம் செய்வது, எதைப் பிறரிடம் வாங்குவது என்று அறிவதும் கைத்தொழிலின் ஒரு கூறே.

இறுதி வேலை மெருகூட்டல். பூச்சு ஒன்றைப் பூசி, உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் பூசி என அது நீளும். அவசரக்காரரை இவ்வேலை காட்டிக்கொடுத்துவிடும். பல பூச்சுகளுக்குப் பின் மகோகனியின் செம்மை ஒளிர்ந்தது. கிதாரும் 'ரெட் ஸ்பெஷல்' எனப் பெயர் பெற்றது.

பிரையன் இசையில் மட்டும் ஈடுபட்டவர் அல்லர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்று, சூரியனைச் சூழ்ந்த விண்தூசியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தார். 1970-இல் 'குவீன்' என்னும் இசைக்குழு உருவாயிற்று. குழு புகழ்பெறத் தொடங்கிய 1974-ஆம் ஆண்டில் அவர் ஆய்வை இடையில் நிறுத்தினார். தந்தை மிகவும் வருந்தினார். மகன் கல்வியில் உயர வேண்டும் என்பதற்காகக் குடும்பம் பல இன்னல்களைப் பொறுத்திருந்தது. தம் கையாலேயே இழைத்துக் கொடுத்த கருவி மகனை வேறு வழியில் அழைத்துச் செல்வதை அவரால் ஏற்க இயலவில்லை. இருவருக்குமிடையே நெடுநாள் மனத்தாங்கல் நிலவியது. நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், பல்லாயிரவர் நடுவே மகன் அக்கிதாரை வாசிப்பதை நேரில் கண்ட பின்னரே ஹரோல்டு உள்ளம் நெகிழ்ந்தார்.

அக்குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீகனும் இவர்களைப் போன்றவரே. யாரோ வீசியெறிந்த மின்சுற்றுப் பலகை ஒன்றைக் கண்டெடுத்து, சிறிய ஒலிபெருக்கி ஒன்றைச் செய்தார். பிரையன் அதைப் பல ஒலிப்பதிவுகளில் தம் கிதாருடன் இணைத்துப் பயன்படுத்தினார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பிலிருந்த ஆய்வைப் பிரையன் மீண்டும் தொடர்ந்து, 2007-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதைக் காண ஹரோல்டு இல்லை. அவர் 1988-இல் மறைந்திருந்தார்.

பயிற்சி

1. கணப்பு, வைரம் பாய்ந்த, மனத்தாங்கல், கிடப்பில் – இச்சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

2. வீணையில் மெட்டு அமைப்பதற்கும் கிதாரில் மெட்டு அமைப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. தந்தையின் வருத்தம் நியாயமானதா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.