ஆங்கிலத்தில் 'டு' எங்கே வரும், எங்கே வராது?

பள்ளிக்கூட ஆசிரியை, டாக்டர் வீட்டு ரிசப்ஷன், வெளிமாநிலத்திலிருந்து குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று தினமும் யாரிடமாவது நாலு வார்த்தை ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு வினைகளைச் சேர்க்கும் இடத்தில் வரும் 'டு'தான் அதிகம் தடுக்குகிறது. அதற்காகச் சில குறிப்புகள்.

1. போக, சாப்பிட, பூட்ட, விற்க என்று 'அ' ஓசையில் முடியும் வடிவம் தமிழ் வாக்கியத்தில் வந்தால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'டு' வரும். 'வீட்டுக்குப் போக ஆசை' என்பது 'ஐ வான்ட் டு கோ ஹோம்'. 'கதவைப் பூட்ட மறந்துவிட்டாள்' என்பது 'ஷி ஃபர்காட் டு லாக் த டோர்'. 'காரை விற்க முடிவு செய்தோம்' என்பது 'வி டிசைடட் டு செல் த கார்'.

2. 'டு'வுக்குப் பின்னால் வரும் வினை மாறவே மாறாது. 'ஐ வான்டட் டு கோ' சரி. 'டு வென்ட்' கிடையாது. 'ஷி வான்ட்ஸ் டு கோ' சரி. 'டு கோஸ்' கிடையாது. நேற்றா இன்றா, நானா அவளா என்பதையெல்லாம் முதல் வினையே சொல்லிவிடுகிறது.

3. முதல் குறிப்பு கைவிடும் இடம் 'முடியும்'. 'வர முடியாது' என்பதில் 'அ' ஓசை இருந்தாலும் 'ஐ கான்ட் கம்' என்பதில் 'டு' இல்லை. கேன், வில், ஷுட், மஸ்ட், மே எல்லாம் இந்த வகை. நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் 'ஐ கான்ட் ஏபிள் டு கம்' இரண்டு வாக்கியங்களை ஒட்டுப்போட்டது. 'ஐ கான்ட் கம்' அல்லது 'ஐம் நாட் ஏபிள் டு கம்', இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு முதலாவதே போதும்.

4. 'காக்க வைத்தார்', 'தூங்க விடு' என்று வைப்பதும் விடுவதும் வந்தால் அங்கேயும் 'டு' வேண்டாம். 'ஹி மேட் மி டு வெயிட்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 'ஹி மேட் மி வெயிட்' என்பதே சரி. 'லெட் ஹிம் ஸ்லீப்' என்பதும் அப்படியே. ஆனால் காக்க வைத்தது யார் என்று சொல்லாமல் புலம்பினால், 'வி வேர் மேட் டு வெயிட்' என்று 'டு' திரும்பி வந்துவிடும். 'ஹெல்ப்' மட்டும் 'டு'வோடும் வரும், 'டு' இல்லாமலும் வரும்.

5. பிளம்பரை வரச் சொன்னால் 'ஐ டோல்ட் ஹிம் டு கம்'. 'ஐ செட் ஹிம் டு கம்' தவறு. ஆசிரியையிடம் போன் செய்யச் சொன்னதை 'ஐ டோல்ட் த டீச்சர் டு கால் மி' என்றால் இலக்கணப்படி சரிதான், ஆனால் அதில் அதிகாரத் தொனி இருக்கிறது. 'ஐ ஆஸ்க்ட் ஹெர் டு கால் மி' என்றால் கேட்டுக்கொண்டதாக ஆகும். 'தொடாதே என்றேன்' என்பதற்கு 'ஐ டோல்ட் ஹிம் நாட் டு டச் இட்': 'நாட்' முன்னால், 'டு' பின்னால். 'ஷி சஜஸ்டட் மி டு கோ' என்பது நடைமுறையில் பரவலாகிவிட்ட பிழை. 'சஜஸ்ட்' போகும் இடத்தில் 'அட்வைஸ்' போடுங்கள், 'ஷி அட்வைஸ்ட் மி டு கோ' என்று சரியாகிவிடும்.

6. 'நீ வரணும்னு ஆசைப்படறேன்' என்பதை 'ஐ வான்ட் தட் யூ...' என்று தொடங்கினால் சிக்கல். 'ஐ வான்ட் யூ டு கம்' என்று ஆளை நடுவில் வையுங்கள்.

7. எதற்கு வந்தீர்கள் என்று செக்யூரிட்டி கேட்டால் 'ஐ கேம் ஃபார் கலெக்டிங் த பார்சல்' வேண்டாம். 'ஐ கேம் டு கலெக்ட் த பார்சல்' என்றோ, சுருக்கமாக 'ஐ கேம் ஃபார் த பார்சல்' என்றோ சொல்லலாம். 'ஃபார் கட்டிங்' போன்றவை ஒரு பொருளின் பயனைச் சொல்ல நன்றாகப் பொருந்தும்: 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் பிரெட்'.

8. என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், மைண்ட் ஆகியவை 'டு'வைச் சேர்க்காது, 'இங்'கைத்தான் கேட்கும். 'ஐ ஃபினிஷ்ட் குக்கிங்', 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' சில வினைகள் இரண்டையும் ஏற்கும், ஆனால் அர்த்தம் புரண்டுவிடும். 'ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் காபி' என்றால் காபி குடிக்க நின்றார். 'ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் காபி' என்றால் காபியையே விட்டுவிட்டார். மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 'ரிமெம்பர் டு டேக் த டேப்லெட்' என்பது மறக்காமல் போடு என்பது. 'ஐ ரிமெம்பர் டேக்கிங் த டேப்லெட்' என்றால் போட்டாகிவிட்டது, போட்டது நினைவிருக்கிறது.

9. மருந்து என்றதும் இன்னொன்று. 'யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் வித் மில்க்' என்றால் பாலோடு சாப்பிட வேண்டிய அவசியமில்லை, சாப்பிட்டாலும் தப்பில்லை. 'யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் மில்க்' என்றால் பாலோடு சாப்பிடவே கூடாது. நம் 'வேண்டாம்' இரண்டுக்கும் பொதுவாக ஓடுவதால் அவசரத்தில் மாறிப்போகும்.

10. 'டு' வந்தும் 'இங்' வரும் இடங்கள் உண்டு. 'ஐம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதுதான் சரி. 'டு மீட் யூ' அல்ல. சோதித்துப் பார்க்க எளிய வழி: 'டு'வுக்குப் பின் 'இட்' வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது, ஆகவே 'இங்'. 'ஐம் யூஸ்ட் டு இட்' பொருந்துகிறது, ஆகவே 'ஐம் யூஸ்ட் டு லிவிங் அலோன்', தனியாக இருந்து பழகிவிட்டது. 'ஐம்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்' என்றால் முன்பு தனியாக இருந்தேன், இப்போது இல்லை.

11. புது மிக்ஸியின் மூடியைத் திறக்கத் தெரியாவிட்டால் 'ஐ டோன்ட் நோ ஹவ் டு ஓபன் திஸ்'. நேரடியாகக் கேள்வி கேட்கும்போது 'ஹவ் டு ஓபன் திஸ்?' போதாது, 'ஹவ் டூ ஐ ஓபன் திஸ்?' என்று கேளுங்கள்.

12. சாப்பிட வருகிறீர்களா என்று அழைத்தால் 'ஐட் லவ்' என்று பாதியில் நிறுத்தாதீர்கள். 'ஐட் லவ் டு' என்று முடிய வேண்டும்.

13. 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் வரலாமா? ஹென்றி ஆல்ஃபோர்ட் என்பவர் ஆங்கில வழக்கைப் பற்றி 1864இல் வெளியிட்ட புத்தகத்தில் கூடாது என்றார். 1926இல் வந்த ஃபௌலரின் புகழ்பெற்ற வழக்குக் கையேடு அந்தப் பயத்தைக் கிண்டல் செய்தது. 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' என்று தாராளமாகச் சொல்லலாம். குழந்தையின் ஆசிரியை சிவப்பு மை போட்டால் மட்டும் அந்த நோட்டில் பணிந்துபோங்கள்.

14. படங்களில் கேட்கும் 'வானா', 'கானா' எல்லாம் 'வான்ட் டு', 'கோயிங் டு' என்பதன் பேச்சுச் சுருக்கங்கள். வினைக்கு முன்னால்தான் 'கோயிங் டு' இப்படிச் சுருங்கும். 'ஐம் கோயிங் டு சென்னை' என்பதில் சுருங்காது. லீவ் லெட்டரில் முழுசாகவே எழுதுங்கள்.