உடைந்த ஓடும் வரலாறு பேசும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 2020-ஆம் ஆண்டு ஒருவர் வீட்டு முற்றத்தில் நடந்த பழைய பொருள் விற்பனையில் சிறிய பீங்கான் கிண்ணம் ஒன்றை 35 டாலருக்கு வாங்கினார். வெண்ணிறக் கிண்ணத்தில் தாமரை, செவ்வந்தி, மாதுளை முதலிய மலர்கள் நீல நிறத்தில் தீட்டப்பட்டிருந்தன. அதை ஆராய்ந்த வல்லுநர்கள், சீனாவின் மிங் மரபைச் சேர்ந்த யோங்லே பேரரசர் காலத்து (1403–1424) அரண்மனைக் கிண்ணம் அது என உறுதிசெய்தனர். 2021 மார்ச் மாதம் நியூயார்க் ஏலத்தில் அது 721,800 டாலருக்கு விலைபோனது.

அரண்மனைக்கான பீங்கான்கள் சிங்தேசென் நகரில் செய்யப்பட்டன. வெண்களிமண்ணால் கலத்தை வனைந்து, கோபால்ட்டு நீலத்தால் மலர்களைத் தீட்டி, அதன்மேல் மெருகுப் பூச்சு இட்டு, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டனர். சூளையிலிருந்து எடுத்த கலத்தில் சிறு குறை இருந்தாலும் அது அரண்மனைக்குச் செல்லாது. பிறர் கைக்கும் போகாதவாறு அதனை உடைத்துப் புதைத்தனர்.

அரிய பீங்கான்களைச் சேகரிப்போர் கலத்தின் அடியில் உள்ள அரச முத்திரையைப் பார்ப்பர். ஆயினும், முத்திரை மட்டும் போதிய சான்றாகாது. முன்னோர் காலத்து முத்திரையைப் பிற்காலக் குயவர்களும் பொறித்துள்ளனர். சிங்தேசெனில் 1980-களில் தொடங்கித் தோண்டியெடுக்கப்பட்ட உடைசல்களே இதற்குத் துணைநின்றன. எந்த அடுக்கு மண்ணில் எந்த ஓடு கிடந்தது என்று குறித்து வைத்ததால், முழுக் கலங்களின் காலத்தை ஒப்பிட்டு அறிய முடிந்தது. குப்பையெனப் புதைத்த ஓடு, அருங்காட்சியகக் கலத்துக்குச் சாட்சி சொல்கிறது!

இத்தகைய சாட்சிகள் நம் கெடா மண்ணிலும் உள்ளன. திகாம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணியைக் கடந்து சென்றால் மெர்போக் வட்டாரத்தை அடையலாம். பழந்தமிழர் கடாரம் என்றழைத்த நிலப்பகுதி இது. அங்குள்ள பெங்காலான் பூஜாங்கில், 1960-களின் தொடக்கத்தில் அலஸ்டர் லேம்ப் அகழாய்வு செய்தார். ‘பெங்காலான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்பது பொருள். பெயருக்கேற்ப, சோங், யுவான் மரபுகளின் காலத்துச் சீனப் பீங்கான் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் உடன் கிடைத்தன.

இவை பேரரசருக்காகச் செய்த கலங்கள் அல்ல. வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. ஏலத்தில் இவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால், சீனக் கலமும் மேற்காசியக் கண்ணாடியும் ஒரே துறையில் கிடந்ததால், பல நாட்டு வணிகம் இங்கு நடந்தது என அறிகிறோம். அதே ஓட்டை ஒருவர் எடுத்துச் சென்று வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், அது வெறும் ஓடாகவே இருந்திருக்கும். கிடந்த இடம் தெரியாத பொருள் பாதி ஊமையாகிவிடுகிறது.

எனவே, தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ பழம்பொருள் ஒன்றைக் கண்டால், அதைத் தோண்டவோ கழுவவோ விற்கவோ கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்ட அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இதனைக் கடமையாக்கியுள்ளது. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இவ்வட்டாரக் கண்டெடுப்புகளைக் காணலாம். அங்குள்ள ஓடுகளின் முன் சற்று நின்று பாருங்கள். யாரோ ஒருவர் அவற்றைத் தமக்கென எடுத்துச் செல்லாததால்தான், இன்று அவை நம் எல்லாருக்கும் உரியவையாக உள்ளன.

சிந்தித்து விடை எழுதுக.
1. குறையுள்ள அரண்மனைக் கலங்களை உடைத்துப் புதைத்தது ஏன்?
2. ‘கிடந்த இடம் தெரியாத பொருள் பாதி ஊமையாகிவிடுகிறது’ – விளக்குக.
3. உன் நண்பன் ஆற்றங்கரையில் கண்டெடுத்த பழைய ஓட்டை விற்க எண்ணுகிறான். அவனுக்கு நீ என்ன கூறுவாய்?