மின்சாரக் காருக்கும் தேதி பார்க்க வேண்டும்

ஒரகடம் கூட்டுரோட்டில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு மோட்டார் வாகனம் புதிதல்ல. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் அந்த வட்டாரத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய கார் தொழிற்சாலை 2010-லும், டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும் திறக்கப்பட்டன. புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களைப் பார்த்தபடிதான் நாம் பருப்பு நிறுத்துப் போடுகிறோம். சற்றுத் தள்ளி, இருங்காட்டுக்கோட்டை ஹுண்டாய் தொழிற்சாலையிலிருந்து மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. 2019 ஜூலையில் கோனா எலெக்ட்ரிக், 2025 ஜனவரியில் கிரெட்டா எலெக்ட்ரிக் விற்பனைக்கு வந்தன. பச்சை நம்பர் பலகை போட்ட கார்கள் இன்று நம் கடை வாசலிலேயே வந்து நிற்கின்றன.

நமக்கும் ஒன்று வாங்கலாமா என்ற எண்ணம் பல வணிக அன்பர்களுக்கு இருக்கிறது. விசாரிக்கப் போனால், "இதற்குச் சர்வீஸ் செலவே கிடையாது" என்ற பேச்சுதான் முதலில் காதில் விழும். இதில் பாதி உண்மை. மறுபாதியை அறியாமல் வாங்கினால் நஷ்டம் நம்முடையது. ஆகவே அந்த மறுபாதியை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

எந்தச் செலவு மிச்சம்?

மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. எனவே எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், டீசல் பில்டர், கிளட்ச் பிளேட், சைலன்சர் இவற்றுக்கு வேலை இல்லை. பெட்ரோல், டீசல் வண்டி சர்வீஸ் பில்லில் வழக்கமாக வரும் வரிகளில் பல இதில் வராது. இந்த மிச்சம் உண்மையானதே.

நம் கடை இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறோமே, அதுபோல் இதற்கும் ஊற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா என்ற சிறிய மின்சாரக் காரில் எட்டு ஈய-அமில பேட்டரிகள் இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் பார்க்க வேண்டியிருந்தது. இன்றைய கார்களில் இருப்பது லித்தியம் பேட்டரி. அது சீல் வைத்த பெட்டி. அதைத் திறக்கவும் கூடாது, எதையும் ஊற்றவும் கூடாது.

பூச்சியும் தேதியும்

துவரம்பருப்பில் வண்டு விழுந்தால் கையை விட்டு அள்ளும்போதே தெரியும். எண்ணெய் காறினால் மூக்கு சொல்லிவிடும். ஆனால் சீல் வைத்த பாக்கெட்டை மூக்காலும் கையாலும் அறிய முடியாது. தேதியைத்தான் பார்க்க வேண்டும். டீசல் வண்டி முதல் வகை. எஞ்சின் சத்தம் மாறும், புகை கறுக்கும், நம் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டே குறையைச் சொல்லிவிடுவார். மின்சாரக் கார் இரண்டாம் வகை. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. கெட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் பழைய வழக்கம் இதற்குச் செல்லாது. தேதி குறித்து வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

இதற்கு இருங்காட்டுக்கோட்டை காரே சாட்சி. தென்கொரியாவில் கோனா எலெக்ட்ரிக் கார்கள் சில தீப்பிடித்ததைத் தொடர்ந்து அங்கே அவை திரும்ப அழைக்கப்பட்டன. இங்கும் 2019 ஏப்ரல் 1 முதல் 2020 அக்டோபர் 31 வரை தயாரான 456 கோனா கார்களைப் பேட்டரி சோதனைக்காகத் திரும்ப அழைப்பதாக 2020 டிசம்பரில் கம்பெனி அறிவித்தது. இப்படிப்பட்ட குறையை ஓட்டுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியிலிருந்து வரும் செய்திதான் எச்சரிக்கை. அந்தச் செய்தி நம்மை வந்து சேர, நம் சரியான விலாசமும் போன் நம்பரும் கம்பெனிப் பதிவில் இருக்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பெயர் மாற்றுவதோடு நில்லாமல், சர்வீஸ் நிலையத்திலும் பெயரை மாற்றிப் பதிந்துகொள்ள வேண்டும். முன்பு திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா, அந்த வேலை முடிந்ததா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

1. டயர்: பேட்டரியின் எடையால் மின்சாரக் கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனமானது. மிதித்த உடனே முழு இழுவையும் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் டயர் சீக்கிரம் தேய இடமுண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்று பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றிப் போடுவது நல்லது. காரில் அரிசி மூட்டை அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், குறித்த எடைக்கு மேல் ஏற்றினால் டயரும் தேயும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

2. பிரேக்: காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் பேடுக்கு வேலை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் வேலை இல்லாத பிரேக்கில் துரு ஏறும், அசையும் பாகங்கள் இறுகும். ஆகவே தேயவில்லை என்றாலும் வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்.

3. கூலண்ட்: பெரும்பாலான கார்களில் பேட்டரியையும் மோட்டாரையும் குளிர வைக்கக் கூலண்ட் ஓடுகிறது. சில கார்களுக்கு மின்சாரம் எளிதில் கடக்காத தனி வகைக் கூலண்ட் வேண்டும். அளவு குறைந்திருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரையோ, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கூலண்டையோ ஊற்றிவிடக் கூடாது. கையேட்டில் சொன்னது மட்டுமே.

4. சின்ன பேட்டரி: மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை மூடுவது இந்தச் சின்ன பேட்டரிதான். இது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் கிளம்பாது. விடியற்காலை கோயம்பேட்டுக்குப் புறப்பட நின்றவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மூன்று வருடம் ஆனதும் ஒவ்வொரு சர்வீசிலும் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

5. அடிப்பாகம்: பெரிய பேட்டரி வண்டியின் தரைக்குக் கீழே இருக்கிறது. கனரக லாரிகள் ஓடும் நம் பக்கத்துச் சாலைகளில் குழிக்குப் பஞ்சமில்லை. வேகத்தடையிலோ கல்லிலோ பலமாக இடித்தால், ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

6. ஆரஞ்சு ஒயர்: பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரிபவை உயர் அழுத்த ஒயர்கள். அவற்றில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்சாரம். அதற்கெனப் பயிற்சி பெற்றவர் தவிர வேறு எவரும் தொடக்கூடாது. தெரிந்த எலெக்ட்ரீஷியன், விவரமான பையன் என்ற சலுகை இதில் வேண்டாம்.

சார்ஜ் போடும் இடம்

வண்டியைப் பராமரிப்பது போலவே பிளக் பாயிண்டையும் பராமரிக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரெட்டா எலெக்ட்ரிக் காரின் சிறிய பேட்டரி 42 யூனிட் கொள்ளும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறுகிறது என்று வைத்தாலும், காலியிலிருந்து நிறைய 14 மணி நேரத்துக்குக் குறையாது. நம் கடை கிரைண்டரோ மிக்சியோ அத்தனை மணி நேரம் இடைவிடாமல் ஓடுவதில்லை. தளர்ந்த பிளக், மெல்லிய ஒயர், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் இந்தச் சுமையில் சூடாகும். எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் சாக்கும் அடுக்கிய குடோனுக்குப் பக்கத்தில் இது விளையாட்டல்ல.

ஆகவே காருக்கென்று தனி ஒயர், தனி எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி, சரியான எர்த் ஆகியவற்றை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு போட வேண்டும். நம் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

வெள்ளம்

2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நம் வட்டாரம் மறக்காது. தண்ணீரில் நின்ற மின்சாரக் காரை, தண்ணீர் வடிந்ததும் ஓட்டிப் பார்ப்பதோ சார்ஜ் போட்டுப் பார்ப்பதோ கூடாது. இழுத்துப் போகும் வண்டியை வரவழைத்துச் சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்பி, சோதித்த பிறகே தொட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளச் சேதத்தில் பேட்டரியும் சேருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மேற்கண்ட இரண்டு கார்களுக்கும் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தரப்பட்டது. பேட்டரிதான் வண்டியில் மிக விலை உயர்ந்த சரக்கு. அந்த வாரண்டிக்கு நிபந்தனைகள் உண்டு. குறித்த காலத்தில் சர்வீஸ் விடவில்லை, வெளி ஆள் கை வைத்தார் என்றால் தகராறுக்கு இடம் கொடுத்ததாகும். சில நூறு ரூபாய் மிச்சம் பார்த்து லட்சக்கணக்கான ரூபாய்ப் பாதுகாப்பை இழப்பது வியாபாரமாகாது.

ஆகவே கடனுக்கு நோட்டு வைத்திருப்பது போல் காருக்கும் ஒரு நோட்டு வையுங்கள். காற்று பார்த்த தேதி, சர்வீஸ் தேதி, பிரேக் ஆயில் மாற்றிய தேதி, சின்ன பேட்டரி வாங்கிய தேதி, நிறைய சார்ஜ் போட்டால் ஓடும் தூரம் இவற்றைக் குறித்து, பில்களையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். ஓடும் தூரம் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால் அந்த நோட்டே நமக்குச் சொல்லிவிடும். வாரண்டி முடியும் முன்பே கம்பெனியில் கேட்க அதுவே அத்தாட்சி.

செலவு குறைவான வண்டி என்பது உண்மை. அந்தக் குறைந்த செலவையும் உரிய தேதியில் செய்கிறவருக்கே அது லாபம்.