சென்சார் ப்ராஜெக்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கு

உடம்பின் உப்பையும் சர்க்கரையையும் நகத்தளவுப் பட்டையில் அளக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் சென்சாரைச் சிறிதாக்குவதைவிட, சிறிதான சென்சார் காட்டும் எண்ணை நம்பும்படி செய்வதுதான் கடினம்.

1. நானோ பொருளில் தொடங்காதீர்கள், நோயாளியில் தொடங்குங்கள். "கிராஃபீன் வச்சு ஏதாவது பண்ணலாம் சார்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். எதை, எந்த நீர்மத்தில், எவ்வளவு துல்லியமாக அளந்தால் மருத்துவருக்குப் பயன்படும் என்று முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். குளுக்கோஸ் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கு 1962-லேயே கிளார்க்கும் லயன்ஸும் வழி காட்டிவிட்டார்கள். இன்று மருந்துக்கடையிலேயே கருவி கிடைக்கிறது.

2. கணக்குப் போட்ட பிறகே லேபுக்குள் போங்கள். பொட்டாசியம் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பு. செறிவு பத்து மடங்கு கூடினால் எலக்ட்ரோடு தருவது சுமார் 59 மில்லிவோல்ட். அப்படியானால் 4-லிருந்து 5-க்கு ஏற 6 மில்லிவோல்ட்கூட இல்லை. வெறும் 2 மில்லிவோல்ட் நகர்ந்தாலே 4 என்பது 4.3 என்று தெரியும்.

3. பாதி உழைப்பை ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்குக் கொடுங்கள். எடைக்கல்லே தேய்ந்தால் தராசு எதற்கு? கண்ணாடிக் குழாயில் வெள்ளிக் குளோரைடைச் சுற்றிப் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிற்கும். பட்டையில் அச்சடித்தால் அந்தக் காவல் போய்விடும். வெள்ளிக் குளோரைடு நேராக மாதிரியில் நனையும். வியர்வை வேகமாகச் சுரந்தால் அதில் குளோரைடும் கூடும். குளோரைடு இரண்டு மடங்கானால் 18 மில்லிவோல்ட் நகரும். முந்தைய கணக்கில் போட்டுப் பாருங்கள்: பொட்டாசியம் 4 இருக்க, 8 என்று காட்டும். 1970-ல் நெதர்லாந்தின் பியட் பெர்க்வெல்டு ட்ரான்சிஸ்டரையே அயனி சென்சாராக்கினார். சிலிக்கான் சில்லு வந்தும் இந்தத் தலைவலி தீரவில்லை.

4. பஃபரில் வரும் அழகான நேர்கோட்டைக் கண்டு மயங்காதீர்கள். நொதி சென்சாரில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கும் மின்னழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் மூன்றும் மின்னோட்டம் தரும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டவரின் ரத்தம் உங்கள் கிராஃபை ஏய்த்துவிடும். சீரத்தின் புரதமும் எலக்ட்ரோடின் மேல் படியும்.

5. வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். தினமும்.

6. ஐந்து பட்டையில் நான்கு சொதப்பி ஒன்று நன்றாக வந்தால், ஐந்தையும் ரிப்போர்ட்டில் போடுங்கள். எக்ஸாமினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நன்றாக வந்ததை மட்டும் காட்டுவது பொய்க்கணக்கு.

7. ஹாஸ்டல் நண்பனின் விரலைக் குத்தி ரத்தம் எடுக்காதீர்கள். மனித மாதிரி எதுவானாலும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். கமிட்டி உங்கள் செமஸ்டர் நாட்காட்டியைப் பார்த்துக் கூடுவதில்லை. அதுவரை செயற்கை வியர்வையில் பழகுங்கள். விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.